வடக்கு பார்த்த கண்ணாடியில் வெளுத்த படுதா: டர்பன் புடவைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் சாட்ஸ்வர்த்திலிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க படுதாவுல கீழ்ப்பாதி வெளுத்துப் போச்சு. மேல பாத்தா அரக்கு, கீழ பாத்தா செங்கல். என்னாச்சுன்னு வந்து பாருங்க." பேசியவர் புடவைக் கடை அக்கா. சித்திரை முதல் நாளுக்கு முந்தின இரவுதான், நான் கையால் படம் எழுதிய அந்தப் பின்னணித் துணியை, அதாவது படுதாவை, அவர் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். முழுதாக மூன்று மாதம் ஆகவில்லை.

நடந்ததை விவரமாக எழுதக் காரணம், தப்பு என்னுடையது. தமிழ்நாட்டில் தொழில் கற்றுக்கொண்டு பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்து தூரிகை பிடிப்பவர் யாராக இருந்தாலும் இதே தப்பைச் செய்ய முடியும். கோயில் வேலைக்கு வருகிறவர்கள், கல்யாண மேடை போடுகிறவர்கள், ஸ்டுடியோவுக்குத் திரை எழுதுகிறவர்கள் என்று இங்கே நம் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

நான் மதுரையில் பேனர் ஆர்ட்டிஸ்ட்டாகத் தொடங்கியவன். 2000-களின் தொடக்கத்தில் ஃப்ளெக்ஸ் வந்து கையால் எழுதும் பேனர்களைத் துடைத்துப்போட்ட பிறகு கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் குழு ஒன்றில் சேர்ந்தேன். கும்பாபிஷேக வேலைக்காக டர்பன் வந்து, இங்கேயே தங்கிவிட்டேன். இப்போது என் வேலை முழுக்கப் படுதாதான்: கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குவது, பத்திரிகைப் படப்பிடிப்புக்குப் பின்னணியாக நிற்பது.

அக்கா கேட்டது

அக்காவின் குடும்பத்துக்கு முன்பு கிரே ஸ்ட்ரீட்டில் கடை இருந்தது. அந்தத் தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் என்று பெயர்; பழைய ஆட்கள் வாயில் இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். இப்போதைய கடை சாட்ஸ்வர்த்தில், கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவின் தென்புறத்தில் இருக்கிறது. முகப்பு நேர் வடக்கு. "குபேர திசை பாத்து எடுத்த கடை" என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

என்னிடம் வருவதற்கு முன் வினைலில் அச்சடித்த கோயில் மண்டபப் படம் ஒன்றை வைத்திருந்தார். அதன் பளபளப்பில் மேலே இருக்கும் விளக்குகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. புடவையைப் பார்க்க வேண்டிய கண் அந்தப் புள்ளிகளில் போய் நின்றது. துணியில் கையால் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. துணி வெளிச்சத்தைக் குடிக்கும், மேற்பரப்பு மாவு போல் மங்கலாக இருக்கும்.

அவர் கேட்டது கல்தூண் வரிசை, நடுவே நீண்டு போகும் பிராகாரம், கடைசியில் ஒரு சுடர். கல்லுக்குக் கல் நிறம் வேண்டாம். அரக்குப் பட்டில் ராணி கலர் ஊடு கொடுத்து நெய்த புடவை ஒன்றை மேஜையில் விரித்து, "தூணெல்லாம் இந்த மாதிரி மினுங்கணும்" என்றார். புடவையை ஒரு பக்கம் சாய்த்தால் அரக்கு, மறுபக்கம் சாய்த்தால் ராணி. அசையாத ஒரு துணியில் அதைக் கொண்டுவருவதுதான் சவால்.

படுதா எழுதிய விதம்

அகலம் 3.6 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். காடாத்துணியை இரண்டு அகலமாகத் தைத்து, சட்டத்தில் இழுத்து அடித்து, முதல் பூச்சு போட்டேன். ஈரம் காயும்போது காடாத்துணி சுருங்கித் தப்பட்டை போல் விறைத்துக்கொள்ளும். அதுவரை கரித்துண்டைத் தொடக்கூடாது. அப்புறம் நூல் அடித்துத் தூண்களுக்குக் கோடு போட்டேன்.

பிராகாரம் போன்ற படத்தில் எல்லாக் கோடுகளும் போய்ச் சேரும் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் படத்தின் உயிர். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மேடை நடைபாதையிலிருந்து 45 செ.மீ. உயரம். தெருவில் நிற்பவரின் கண் சராசரியாக 1.55 மீட்டரில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆக, மேடைத் தளத்திலிருந்து 1.1 மீட்டரில் அந்தப் புள்ளி. அது சரியாக அமைந்தது. தெருவைக் கடக்கும் ஆள் தானும் அந்தப் பிராகாரத்துக்குள் நடக்கலாம் போல உணர்ந்தார். முழு உருவம் எடுக்கும் கேமராவும் பெரும்பாலும் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும் என்பதால், பிற்பாடு படப்பிடிப்பிலும் அது பொருந்தியது.

வண்ணம்தான் இந்த ஆய்வின் மையம். தூண்களுக்கு அடிப்பூச்சாக இரும்புக் காவியும் ஒரு துளி கரிக்கறுப்பும் கலந்து போட்டேன். டப்பாவில் பி.ஆர். 101 என்று குறித்திருக்கும் சிவப்பு அது. அதன் மேல் மினுமினுப்புக்காக ஃப்ளோரசன்ட் மெஜந்தாவைத் தண்ணீராய்க் கரைத்து மெல்லிய வாஷ் கொடுத்தேன். கொடுத்த அந்த நிமிடமே தூண் பட்டாக மாறியது. இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ராணி வாஷ் எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை. பேனர் எழுதுகிறவனுக்குப் படத்தின் ஆயுள் 100 நாள் ஓட்டம். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது.

முதல் அறிகுறி, நான் தட்டிக்கழித்தது

மே நடுவில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மணப்பெண் பக்கங்களுக்காகப் படுதாவை இரண்டு நாள் இரவல் கேட்டது. பிவிசி குழாயில், வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி, நடுவே பழுப்புக் காகிதம் வைத்துச் சுருட்டி எடுத்துப் போனோம். அக்ரிலிக் பூச்சு சூட்டில் இளகும். காகிதம் வைக்காமல் சுருட்டி வண்டியில் வெயிலில் விட்டால் அடுக்கோடு அடுக்கு ஒட்டிக்கொள்ளும்.

படம் எடுத்த பெண் சின்ன வயது, நல்ல கண். இரண்டு குறை சொன்னார். முதலாவது, நான் தூண்களுக்கு இடப்புறமிருந்து வெளிச்சம் விழுவதாக நிழல் எழுதியிருந்தேன். அவர் மணப்பெண்ணின் வலப்புறத்தில் விளக்கு வைக்க விரும்பினார். முகத்தில் ஒரு பக்கம் நிழல், தூணில் மறுபக்கம் நிழல் என்றால் படம் வெட்டி ஒட்டியதாகத் தெரியும். படத்தை இடவலமாகத் திருப்பிக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அண்ணா, முந்தானை வலது தோளுக்குப் போயிடுமே" என்றார். கடைசியில் விளக்கை இடப்புறத்துக்கு மாற்றி எடுத்தார்.

இரண்டாவது: "கீழ ஒரு சிவப்பு, மேல ஒரு சிவப்பு தெரியுது." திரையில் காட்டினார். தூணின் மேல்பகுதி தீக்கங்கு போல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே சற்றே மண் நிறம். விளக்கின் வெளிச்சம் கீழே குறைவாக விழுகிறது என்று நான் சொன்னேன். அவர் என்னை நம்பி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சரி செய்தார். கேமரா உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஐந்து வாரத்தில் வெளுப்பு தொடங்கிவிட்டது. அன்றைக்கே நான் குனிந்து துணியைப் பார்த்திருந்தால், மிச்ச இரண்டு மாதச் சேதத்தைத் தடுத்திருக்கலாம். அந்தப் பெண்ணிடம் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

கடைக்காரர்கள் ஏன் கவனிக்கவில்லை என்றால், பொம்மைகளின் புடவை வெள்ளிக்கிழமைதோறும் மாறும். பின்னால் இருக்கும் படுதா மட்டும் மாறாமல் நிற்கிறது. தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மெல்ல நடக்கும் மாற்றம் தெரிவதில்லை.

கோகோ மேல் விழுந்த பழி

நான் போனபோது கடையில் ஒரு சங்கடமான சூழல். சுத்தம் செய்யும் ஸூலு அம்மா ஒருவர் பல வருடமாக அங்கே வேலை செய்கிறார். எல்லோரும் கோகோ என்று அழைப்பார்கள். அவர்கள் மொழியில் பாட்டி. அவர் ஈரத்துணியில் பிளீச் போட்டுப் படுதாவைத் துடைத்திருப்பார் என்று கடையில் பேச்சு. அவர் இல்லை என்று சொல்லியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை. ஒரு மூலையில் வாய் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்.

முதலில் அதைத்தான் சோதித்தேன். பஞ்சை நனைத்து வெளுத்த இடத்திலும் வெளுக்காத இடத்திலும் தேய்த்தேன். இரண்டிலும் பஞ்சில் நிறம் ஏறவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தூரிகையின் மயிர்த் தடம் மேலும் கீழும் ஒரே மாதிரி முழுசாக இருந்தது. துடைத்த துணி வட்டமாகவோ பட்டையாகவோ தடம் விடும். இங்கே தடமே இல்லை. கனமான பித்தளைக் குத்துவிளக்குகளுக்குப் பின்னால், கை எட்டாத இடத்திலும் அதே வெளுப்பு. அடுத்து கடையின் மின்விளக்குகள். அவை எல்லாம் உச்சியில் இருக்கின்றன. விளக்குதான் காரணம் என்றால் மேல்பகுதி முதலில் போயிருக்க வேண்டும். ஈரப்பதமும் அல்ல, பூஞ்சைப் புள்ளியோ உப்புப் பூத்ததோ எங்கும் இல்லை.

அப்புறம் வலது கீழ் மூலையில் குத்தியிருந்த அட்டை ஒன்றைப் பார்த்தேன். புத்தாண்டுத் தள்ளுபடி அட்டை, ஏப்ரலிலிருந்து எடுக்கவே இல்லை. குண்டூசிகளைக் கழற்றி அட்டையை எடுத்தேன். அதன் அடியில், ஒரு புத்தக அளவுக்கு, நான் எழுதிய அன்றைய ராணி அப்படியே இருந்தது. நான்கு பக்கமும் கத்தியால் வெட்டியது போல் விளிம்பு. சுற்றிலும் செங்கல் நிறம். கடையில் இருந்த எல்லோரும் கூடிவந்து பார்த்தார்கள். துடைத்திருந்தால் அட்டையும் நனைந்திருக்கும், அதன் ஓரங்களில் ஈரம் கசிந்திருக்கும். அட்டை உலர்ந்த புத்தம் புதுசு. வெளிச்சம் படாத இடம் மட்டும் பிழைத்திருக்கிறது.

அக்கா அங்கேயே, எல்லோர் முன்னாலும், கோகோவிடம் ஸூலுவில் மன்னிப்புக் கேட்டார். இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய நிம்மதி அது.

வெயில் வந்த வழி

மதுரையில் எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர், "வடக்கு ஜன்னல் பக்கத்துல உக்காந்து எழுது, வெளிச்சம் ஆடாது, வெயில் அடிக்காது" என்பார். அங்கே அது சரி. வருடத்தில் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போகும். கோடையில் வடக்கே வரும்போதும் நண்பகலில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்பதால் வடக்கு ஜன்னலுக்குள் ஆழமாக நுழையாது.

டர்பன் தெற்கு அட்சரேகை ஏறத்தாழ 29.9 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் வருடம் முழுவதும் நண்பகலில் வடக்கேதான். நாம் உத்தராயணம் என்று சொல்லும் ஆறு மாதமும் அது இந்த ஊரை விட்டு வடக்கே தள்ளிக்கொண்டே போய், ஆனி மாதத்தில் மிகத் தாழ்ந்து நிற்கும். இங்கே ஆனி, ஆடி குளிர்காலம். மழை கோடையில் பெய்வதால் குளிர்காலத்தில் வானம் பெரும்பாலும் தெளிவு. தாழ்ந்த சூரியன், தெளிந்த வானம், நேர் வடக்குக் கண்ணாடி. குபேரன் திசையை நாங்கள் இருவரும் கொண்டாடிய அதே முகப்புதான்.

கணக்கு எளிது. ஜூன் 21-ஐ ஒட்டி டர்பனில் நண்பகல் சூரியனின் உயரம் சுமார் 36.7 பாகை. கண்ணாடியின் மேல்விளிம்பு மேடைத் தளத்திலிருந்து 2.4 மீட்டர், படுதா கண்ணாடிக்கு 1.2 மீட்டர் பின்னால். மேல்விளிம்பைத் தொட்டு வரும் கதிர் 1.2 மீட்டர் உள்ளே வரும்போது சுமார் 90 செ.மீ. இறங்கியிருக்கும். ஆகவே படுதாவில் 1.5 மீட்டருக்குக் கீழே உள்ளதெல்லாம் நண்பகலில் நேர் வெயிலில் நிற்கிறது. மாட்டிய மறுநாள், ஏப்ரல் 14-இல், அதே கோடு 94 செ.மீ.-இல் இருந்தது, மே நடுவில் 1.33 மீட்டர். வெயில் படிப்படியாகத் தூணில் ஏறியிருக்கிறது. அடிப்பகுதிக்கு அதிக நாள் வெயில், மேலே குறைந்த நாள். காலை, மாலைத் தாழ்ந்த வெயிலின் பெரும்பகுதியை எதிர்ச்சாரிக் கட்டடங்கள் மறைத்துவிட்டதால் மேல்பகுதி தப்பியது.

காகிதத்தில் போட்டதை நேரிலும் பார்த்தோம். வெளுப்பு தொடங்கும் இடத்தில் சாக்குக் கட்டியால் கோடு கிழித்தேன். கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து ஒரு நூலை அந்தக் கோட்டுக்கு இழுத்துப் பிடித்தேன். போனில் இருக்கும் கோணமானி 37 காட்டியது. பிறகு காத்திருந்தோம். டர்பனில் ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதும் கடிகாரம் 12 காட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 12 மணிக்கு வெயிலின் மேல் எல்லை என் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. ஜூன் கடைசியிலிருந்து சூரியன் திரும்ப மேலேறத் தொடங்கியிருந்தது, அதனால் அந்த இரண்டு விரல்.

தீபாவளி நேரத்தில் அதே சூரியன் சுமார் 75 பாகை உயரத்தில் இருக்கும். கண்ணாடிக்கு உள்ளே 65 செ.மீ.-ஐத் தாண்டாது. டிசம்பரில் ஒரு முழங்கூட உள்ளே வராது. தீபாவளிக் கண்ணாடி அலங்காரத்தை மட்டுமே செய்து பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாமல் போவது இதனால்தான். கிரே ஸ்ட்ரீட் கடையில் அக்காவின் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கடைக்கு முன்னால் நடைபாதையை மூடிய வராந்தா இருந்தது.

சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியைத் தடுக்கும், நீண்ட அலைப் பகுதியைப் பெரும்பாலும் உள்ளே விடும். ஃப்ளோரசன்ட் வண்ணம் என்பது பிசின் துகளில் ஏற்றிய சாயம். அந்தச் சாயம்தான் வெளிச்சத்தை வாங்கித் திருப்பி உமிழ்கிறது. அதே வெளிச்சம்தான் அதை உடைக்கிறது. காவி அப்படி இல்லை, அது துரு. வெயில் அதை ஒன்றும் செய்யாது. அதனால் சாயம் போனதும் அடியிலிருந்த காவி செங்கலாக எழுந்து நின்றது.

மறுபடி எழுதியது

இந்த முறை முதலில் கீற்றுச் சோதனை. ஆறு வண்ணங்களைத் துணிக் கீற்றுகளில் தடவி, ஒவ்வொன்றிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, அதே கண்ணாடியின் உட்புறத்தில் ஓரமாக ஒட்டினேன். நான்கு வாரம் கழித்துத் தாளை உரித்தேன். ஃப்ளோரசன்ட் மெஜந்தா கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. சுவர் பெயின்ட் கடையில் கலந்து வாங்கிய மாம்பழ மஞ்சளில் மங்கலாக ஒரு விளிம்பு தெரிந்தது. இரும்புக் காவி, இரும்பு மஞ்சள், தாலோ பச்சை, குயினாக்ரிடோன் மெஜந்தா நான்கிலும் எது மூடிய பாதி என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

குயினாக்ரிடோன் மெஜந்தா, டப்பாவில் பி.ஆர். 122, விலை கூடுதல். ஃப்ளோரசன்ட் போலத் தானாக ஒளிராது. மினுமினுப்பை வேறு வழியில் வரவழைக்க வேண்டியிருந்தது. தூணின் மடிப்புகளில் வெளிச்சம் படும் இடங்களைக் காவிக்கு மேல் வெள்ளையால் மெல்லிய கோடுகளாக எழுதினேன், பட்டு இழை ஓடுவது போல. அதன் மேல் குயினாக்ரிடோனை மூன்று வாஷ். வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மெஜந்தா வழியாக வெளியே வரும்போது அது ராணி ஆகிறது; காவியின் மேல் விழுந்த அதே வாஷ் அரக்காகிறது. தூண்களின் பக்கவாட்டில் ராமர் பச்சையில் ஒரு கரை ஓட்டினேன். பச்சை பக்கத்தில் இருந்தால் சிவப்பு ஒரு படி எழும். இதை எந்தக் காஞ்சிபுரம் புடவையும் சொல்லித்தரும். பழைய மினுக்கத்தில் பத்தில் எட்டுப் பங்கு வந்தது. மிச்ச இரண்டு பங்கு வரவில்லை, அக்காவிடம் அதை மறைக்காமல் சொன்னேன்.

நிழலையும் மாற்றினேன். வெளிச்சம் மேலே நடுவிலிருந்து இறங்குவதாக, இருபுறமும் மென்மையாக இருளும்படி எழுதினேன். இனி படமெடுப்பவர் விளக்கை எந்தப் பக்கமும் வைக்கலாம்.

கடை முகப்பில் என்ன செய்யலாம் என்றும் பார்த்தோம். படுதா முழுவதையும் ஜூன் வெயிலிலிருந்து காக்க, கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து சுமார் 2 மீட்டர் நீட்டிய பந்தல் வேண்டும். அந்த நடைபாதையில் அதற்கு இடமில்லை. நண்பகலில் திரை இறக்கலாம் என்றேன். "மூடி வைக்கவா கண்ணாடி போட்டேன்?" என்று கேட்டார், நியாயம்தான். புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினோம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்க வைக்கும் என்பதால் அதை நம்பி வண்ணம் தேர்ந்தெடுக்கவில்லை.

கடைசியில் காலண்டரை வைத்தே தீர்வு கண்டோம். தூண் படுதா செப்டம்பரிலிருந்து மே தொடக்கம் வரை. மே முதல் ஜூலை கடைசி வரை வேறொரு படுதா: இரும்பு மஞ்சள், காவி, வேப்பிலைப் பச்சை மட்டும். ஆடியில் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்கள். மஞ்சளும் சிவப்பும் வேப்பிலையும்தான் அப்போது கடையில் கேட்கும் நிறங்கள். வெயில் தாங்கும் வண்ணங்களும் அம்மன் வண்ணங்களும் ஒன்றாக அமைந்தது எங்களுக்குக் கிடைத்த கொடை. ஆகஸ்ட் இடைவெளியில் வெறும் திரை.

புதுத் தூண் படுதா செப்டம்பர் முதல் வாரம் ஏறியது. தீபாவளி இதழுக்காக அதே பெண் அதன் முன்னால் படம் எடுத்தார், விளக்கை வலப்புறம் வைத்து. சிவப்பைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

பழைய படுதாவின் மேல்பகுதியை வெட்டி, வெயில் எட்டாத ஒரு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டேன். புதியதன் வலது கீழ் மூலையில், வேண்டுமென்றே, ஒரு சிறு அட்டையைக் குத்தி வைத்திருக்கிறோம். மாதம் முதல் தேதி கோகோதான் அதைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு அக்காவின் போனிலிருந்து எனக்குப் பேசுகிறார். இந்த மாதமும் பேசினார். அட்டையின் விளிம்பு தெரியவில்லையாம்.